11 வயசு பாய்லர்: ஹீட்டிங் பழுதுக்குன்னு தனியா பணம் ஒதுக்கணுமா?

கேள்வி, அக்டோபர் 9

வீடு வாங்கி ரெண்டு மாசம் ஆகுது. கூடவே வீட்டைச் சூடாக்கற 11 வயசு கேஸ் பாய்லரும் வந்திருக்கு. இப்போதைக்கு நல்லா ஓடுது. வீட்டு விலையில வருஷத்துக்கு 1 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. ஹீட்டிங்கும் அதுக்குள்ளயே அடங்கிடாதா? தனியா எதுக்கு? பழுதானா அப்ப பார்த்துக்கலாம்னு இருக்கேன். அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

அக்டோபர் 9, இரவு

அடங்காது. அந்த 1 சதவீதத்துல கூரை, குழாய், பெயின்ட், கதவு, ஜன்னல் எல்லாம் வரும். அதுல பாதிக்கு மேல ஆறப்போடலாம். கூரை ஒழுகினா வாளி வச்சுச் சமாளிச்சு, நாலு பேர்கிட்ட விலை கேட்டு, அடுத்த மாசம்கூட வேலையை ஆரம்பிக்கலாம். ஹீட்டிங்ல அந்த வசதி இல்ல. அது நிக்கிறதே குளிர் உச்சத்துல இருக்கிறப்பதான். அப்பதானே ராப்பகலா ஓடுது. சுத்துவட்டாரத்துல இன்னும் பல வீட்டுல அதே வாரம்தான் நிக்கும். மெக்கானிக் சுலபத்துல கிடைக்க மாட்டார்.

எங்க கதையைச் சொல்றேன். அது 14 வயசு பாய்லர். ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எரர் கோட் காட்டிட்டு நின்னுடுச்சு. மகளுக்கு அப்ப 7 மாசம். மறுநாள் வந்தவர் பொறுமையா கழட்டிப் பார்த்தார். சர்க்யூட் போர்டு போயிடுச்சு, மாத்தினா ஓடும், ஆனா பழைய மாடல், போர்டு வந்து சேர 6 நாள் ஆகும்னார். நியாயமான மனுஷர். புதுசு வாங்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல. நாங்கதான் கேட்டோம், புதுசுன்னா எப்ப கிடைக்கும்னு. திங்கள்கிழமைன்னார். குழந்தை ரூம்ல தெர்மாமீட்டர் 13 டிகிரி காட்டுது. அவ கையைத் தொட்டா ஜில்லுன்னு இருக்கு. சமையலறை மேடை மேலயே காகிதத்தை வச்சு, தவணைக்குக் கையெழுத்துப் போட்டேன்.

6 நாள் காத்திருக்க வழி தெரியாம 4 வருஷத் தவணை. போர்டு மாத்தியிருந்தா அந்தச் செலவுல பத்துல ஒரு பங்குல முடிஞ்சிருக்கும். கையில கொஞ்சம் பணம் தனியா இருந்திருந்தா அந்த 6 நாளைத் தாண்டியிருப்போம். அதனாலதான் அடிச்சுச் சொல்றேன், தனியா ஒதுக்குங்க.

அக்டோபர் 10

எவ்வளவுன்னு கேட்டிருக்கீங்க. நான் போடற கணக்கு இது.

பாய்லர் ஆயுசு பொதுவா 10லேருந்து 15 வருஷம். ஒழுங்கா சர்வீஸ் பார்த்தா அதைத் தாண்டியும் ஓடும். சூடான காத்தை ஊதற ஃபர்னஸ் 15லேருந்து 20. வெளிய இருக்கிற சூட்டைக் கரண்ட் வச்சு உள்ள இழுக்கிற ஹீட் பம்ப் 15 வாக்குல. உங்களுக்கு 15னே வச்சுக்குவோம், அதாவது 180 மாசம். இன்னைக்கு மாத்தினா மொத்தம் என்ன ஆகும்னு ரெண்டு இடத்துல விசாரிங்க. அந்தத் தொகையை 180 பங்காப் பிரிங்க. புது பாய்லரோட முதல் மாசத்துலேருந்தே சேர்க்கிறவங்களுக்கு மாசம் 1 பங்கு போதும். உங்களுக்கு 11 வருஷம் ஓடியாச்சு. மிச்சம் 48 மாசம்தான். 180ஐ 48ஆல வகுத்தா 3.75. மாசம் மூணே முக்கால் பங்கு.

முன்னாடி இருந்தவங்க 11 வருஷம் குளிர் காய்ஞ்சதுக்கும் சேர்த்து நீங்கதான் கட்டறீங்க. வீடு வாங்கறப்போ சுவர் விரிசலைப் பார்க்கிறோம், பாய்லர் வயசைக் கேக்கறதில்ல. கேட்டிருந்தா பேரத்துல வச்சுப் பேசியிருக்கலாம். இனி வாங்கப்போறவங்க யாராவது இதைப் படிச்சா, பாய்லர் மேல ஒட்டியிருக்கிற தகட்டுல தயாரிச்ச வருஷம் இருக்கான்னு பாருங்க. சர்வீஸ் ரசீதுகளையும் கேட்டு வாங்குங்க.

அக்டோபர் 10, கொஞ்சம் கழிச்சு

மேல போட்ட கணக்குல ரெண்டு ஓட்டை இருக்கு. விலை அப்படியே நிக்கும்னு வச்சுட்டேன். வருஷம் 4 சதவீதம் ஏறுதுன்னு வச்சாலே 4 வருஷத்துல 17 சதவீதம் கூடிடும். 180 பங்கு 211 ஆயிடும், மாசத்துக்கு 4.4 பங்கு. இன்னொண்ணு, 15 வருஷங்கிறது யாரும் எழுதிக் கொடுத்தது இல்ல. 12லயே போனா உங்க கையில 12 மாசச் சேமிப்புதான் இருக்கும், நாலுல ஒரு பங்கு.

அதனால மொத்தத்தையும் ஒரே குவியலா நினைக்கிறதே தப்போன்னு தோணுது. யோசிச்சுட்டு எழுதறேன்.

அக்டோபர் 13

யோசிச்சேன். மூணு குவியல் வேணும், மூணும் வேற வேற வேலைக்கு.

முதல்ல சேர வேண்டியது காத்திருப்புப் பணம். நான் வச்ச பேர்தான். ஹீட்டிங் நின்ன ஒரு வாரத்தைக் கடக்கிறதுக்கு. என் 6 நாளையே எடுத்துக்குங்க. 2000 வாட் எலெக்ட்ரிக் ஹீட்டர் ரெண்டு, ஒரு நாளைக்கு 10 மணி நேரம், 6 நாள். 240 யூனிட் கரண்ட். அதோட ஹீட்டர் வாங்கற செலவு, மெக்கானிக் அவசரமா வந்து பார்க்கிற கட்டணம். ரொம்ப முடியலன்னா ரெண்டு ராத்திரி வெளிய தங்கற செலவு. எல்லாம் கூட்டினாலும் நான் கட்டின தவணையில மூணு மாசத்துக்குள்ள அடங்கியிருக்கும். இந்தக் குவியலை இந்தக் குளிருக்குள்ளயே சேர்த்துடலாம். பெரிய தொகையே இல்ல.

ரெண்டாவது பழுதுப் பணம். இக்னைட்டர் (தீ பத்த வைக்கிறது), ஃபேன், பம்ப், கேஸ் வால்வ், சர்க்யூட் போர்டு. இதுல எது மாத்தறதுக்கு அதிகம் ஆகும்னு உங்க மாடலை சர்வீஸ் பண்றவர்கிட்டயே கேளுங்க, சொல்லுவார். அந்த ஒரு பழுதுக்கு ஆகற தொகை கையில இருந்தா போதும். செலவானா திரும்ப நிரப்பிடணும்.

மூணாவதுதான் புதுசுக்கான பணம். நான் 10ஆம் தேதி போட்ட 4.4 பங்கு கணக்கு இதுக்கு. ஆனா முதல் ரெண்டும் நிரம்பின அப்புறம் ஆரம்பிங்க. நான் முதல்ல எழுதினப்போ இதைத்தான் முன்னாடி வச்சேன். அந்த வரிசை தப்பு. மூணாவது முழுசா சேரலன்னாலும் முதல் ரெண்டு இருந்தா நீங்க அவசரத்துல கையெழுத்துப் போட வேண்டி வராது.

அக்டோபர் 13, இரவு

எலெக்ட்ரிக் ஹீட்டர்னு எழுதிட்டு இதைச் சொல்லாம தூங்கப் போக மனசு வரல. ஹீட்டரை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல சொருகாதீங்க, நேரா சுவர் சாக்கெட்ல. திரைச்சீலை, படுக்கை, சோஃபா எல்லாம் ஒரு மீட்டர் தள்ளியே இருக்கட்டும். கேஸ் அடுப்பைப் பத்த வச்சோ கரியை உள்ள கொளுத்தியோ வீட்டைச் சூடாக்கப் பார்க்காதீங்க. அதுலேருந்து வர்ற கார்பன் மோனாக்சைடுங்கிற விஷ வாயுவுக்கு நிறமும் இல்ல, வாசனையும் இல்ல. காத்திருப்புப் பணத்துல முதல் செலவே கார்பன் மோனாக்சைடு அலாரமா இருக்கட்டும். ஏற்கனவே இருந்தா திருப்பிப் பின்பக்கம் பாருங்க, எப்ப மாத்தணும்னு தேதி போட்டிருக்கும். உள்ள இருக்கிற சென்சாருக்கே ஆயுசு உண்டு, மாடலைப் பொறுத்து 5லேருந்து 10 வருஷம். பட்டன் அழுத்தினா சத்தம் வருதுங்கிறதால சென்சார் உயிரோட இருக்குன்னு அர்த்தம் இல்ல.

அக்டோபர் 19

"சர்வீஸ் கான்ட்ராக்ட் எடுத்துட்டா இந்த மூணு குவியலும் வேண்டாமே?" இதை நாலு பேர் கேட்டாச்சு.

நாங்க புது பாய்லருக்கு முன்னாடி 3 வருஷம் கான்ட்ராக்ட் கட்டினோம். மாசா மாசம் தவறாம. மூணாவது குளிர்ல ரெண்டு ரேடியேட்டர் (பாய்லர் தண்ணி உள்ள ஓடி ரூமைச் சூடாக்கறது) மேல சூடு, கீழ ஐஸ் மாதிரி. கூப்பிட்டோம். வந்து பார்த்து, உள்ள சேறு படிஞ்சிருக்கு, சேறு அடைச்சா கான்ட்ராக்ட்ல வராதுன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. காகிதத்தை எடுத்துப் படிச்சேன். ஆறாவது பக்கத்துல இருந்துச்சு. அவங்க பொய் சொல்லல, நான்தான் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி படிக்கல. அந்த வலி இன்னும் இருக்கு.

அதுக்கப்புறம் யார் கேட்டாலும் இதைத்தான் சொல்வேன்: என்னென்ன வரும்ங்கிற பக்கத்தை விடுங்க, என்ன வராதுங்கிற பக்கத்தை முதல்ல படிங்க. சேறும் சுண்ணாம்புப் படிவும் வருமா. ஏற்கனவே இருந்த பழுது வருமா. சேர்ந்த நாள்லேருந்து எத்தனை நாள் கழிச்சு கூப்பிடலாம். ஒரு பழுதுக்கு உச்சவரம்பு எவ்வளவு. இத்தனை வயசுக்கு மேல பார்ட் கிடைக்கலன்னா கைவிரிச்சுடுவாங்களா. வருஷா வருஷம் சர்வீஸ் பண்ணின ரசீது கேப்பாங்களா. உங்க பாய்லருக்கு 11 வயசு, வயசு வரம்பைக் கட்டாயம் கேளுங்க.

வீட்டு இன்ஷூரன்ஸ் இருக்கேன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பொதுவா தேய்மானத்தால நின்ன பாய்லருக்கு அதுல பணம் வராது. குழாய் வெடிச்சு தரை நனைஞ்சா, அந்த நனைஞ்ச தரைக்கு வரலாம். ரெண்டையும் குழப்பிக்காதீங்க.

என் முடிவு, கான்ட்ராக்ட் வேண்டாம். அந்த மாசத் தொகையை ரெண்டாவது குவியல்ல போடுங்க.

நவம்பர் 2

பணத்தைப் பத்தியே பேசிட்டு இருக்கோம், பாய்லர் முன்கூட்டியே சொல்றதைக் கேட்டா பாதிச் செலவு மிச்சம்.

எங்க பாய்லர் இருக்கிற அலமாரிக் கதவோட உள்பக்கம் ஒரு சின்ன நோட்டு தொங்குது. பென்சிலும் கயித்துல கட்டியிருக்கு. ஒவ்வொரு ஞாயிறு காலையிலயும் உள்ள இருக்கிற தண்ணியோட பிரஷர் முள் எத்தனை பார்ல (அதுதான் பிரஷர் அளவு) இருக்குன்னு எழுதுவேன். வேற ஒண்ணும் இல்ல. போன வருஷம் இப்படிப் போச்சு: 1.4, 1.4, 1.3, 1.1, 0.8. தண்ணி ஏத்தினேன், மறுபடி 1.4. ரெண்டே வாரத்துல 0.9. சூடா ஓடறப்போ பார்த்தா முள் 3ஐத் தொடுது. வெளிச்சுவர்ல இருக்கிற சின்னக் குழாய்லேருந்து சொட்டுச் சொட்டா ஒழுகுது.

தண்ணி 10 டிகிரிலேருந்து 80 டிகிரிக்குப் போனா கிட்டத்தட்ட 3 சதவீதம் விரியும். சிஸ்டத்துல 100 லிட்டர் இருந்தா 3 லிட்டர் கூடுதலா இடம் தேடும். அதுக்குன்னே உள்ள ஒரு எக்ஸ்பான்ஷன் வெசல் இருக்கு, நடுவுல ரப்பர் சவ்வு, அந்தப் பக்கம் காத்து. காத்து இறங்கிட்டா அந்த 3 லிட்டருக்கு இடம் இல்ல, பிரஷர் 3 பாரைத் தொட்டதும் சேஃப்டி வால்வ் வெளிய துப்பிடும். ஆறின அப்புறம் தண்ணி குறைஞ்சு பிரஷர் கீழ விழும். நாம திரும்ப ஏத்துவோம். ஒவ்வொரு தடவை புதுத் தண்ணி ஏத்தறப்பவும் அதுல கரைஞ்ச ஆக்சிஜனும் உள்ள போய் ரேடியேட்டரை உள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். அந்தத் துருதான் நான் 19ஆம் தேதி சொன்ன சேறு. பழைய பாய்லர் இருந்தப்போ நாங்க வாரா வாரம் தண்ணி ஏத்திட்டே இருந்தோம். கான்ட்ராக்ட்காரங்க கைவிட்ட அந்தச் சேத்துல எங்க கையும் இருக்குன்னு இப்பதான் புரியுது.

நோட்டுல அஞ்சு எண்ணைப் பார்த்ததும் மெக்கானிக் சவ்வு நல்லா இருக்கு, காத்துதான் இல்லைன்னு கண்டுபிடிச்சார். பம்ப் வச்சு காத்து அடிச்சார். வேற பார்ட் எதுவும் மாத்தல.

நவம்பர் 3

ஒரு திருத்தம். முள்ளை எழுதறது பாய்லர் ஆறியிருக்கிறப்போ மட்டும். 1லேருந்து 1.5 பார்ங்கிற அளவும் ஆறின நிலைக்குத்தான். சூட்டுல 2 காட்டினா பதற வேண்டாம்.

நவம்பர் 16

பழுது பார்க்கிறதா, மாத்திடறதான்னு நீளமா வாக்குவாதம் ஓடுது. பழுதுச் செலவு புதுசு விலையில பாதியைத் தாண்டினா மாத்திடுன்னு ஒரு பழக்கக் கணக்கு உண்டு. நானும் அதையே சொல்லிட்டு இருந்தேன். இப்ப அது போதாதுன்னு படுது. பாதி எட்டாமலே வருஷம் ரெண்டு தடவை கையைக் கடிக்கிற பாய்லர் இருக்கு. ஒரே தடவை பெருசா கேட்டுட்டு அப்புறம் 6 வருஷம் சத்தமில்லாம ஓடறதும் இருக்கு.

நான் பார்க்கிறது மூணு விஷயம். கடைசி 3 வருஷத்துல மொத்தம் எவ்வளவு போயிருக்கு (இதுக்கும் அந்த நோட்டுதான்). பார்ட் இன்னும் தயாரிக்கிறாங்களா. போனது எது: ஃபேனோ பம்போ போனா மாத்தினா முடிஞ்சுது. எரியற சூட்டைத் தண்ணிக்கோ காத்துக்கோ கடத்தற ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல விரிசல்னா, 11 வயசுல நான் பணம் போட மாட்டேன். ஃபர்னஸ்ல அந்த விரிசல் இருந்தா, காத்து சுத்தற வீட்டுக்குள்ளயே புகை கலக்கலாம். அதுக்கு அப்புறம் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

"போன மாசம்தான் இவ்வளவு செலவு பண்ணினோம், இப்ப தூக்கிப் போடறதா?"ன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அந்த வேதனை எனக்குத் தெரியும். ஆனா போன மாசம் போட்ட பணம், மாத்தினாலும் மாத்தாட்டியும் திரும்ப வராது. இன்னைக்குக் கேக்கற பணத்துக்கு இன்னும் எத்தனை குளிர் தாங்கும், அதை மட்டும் மெக்கானிக்கிட்ட கேளுங்க.

நவம்பர் 17

ஹீட் பம்ப் வச்சிருக்கிறவருக்கு: உங்களோடது நிக்காமலே பழுதாகலாம். நல்லா ஓடறப்போ 1 யூனிட் கரண்டுக்கு 3 யூனிட் வாக்குல சூடு தரும். வெளி யூனிட் கோளாறானா உள்ள இருக்கிற எலெக்ட்ரிக் ஹீட்டர் தானா ஓட ஆரம்பிச்சுடும், 1க்கு 1தான். வீடு கதகதன்னுதான் இருக்கும், பில்லு வந்தாத்தான் தெரியும். வாரம் ஒரு தடவை மீட்டர் யூனிட்டை எழுதி வைங்க.

காத்து ஊதற ஃபர்னஸ் இருக்கிறவங்க ஃபில்டரை ஒண்ணுலேருந்து மூணு மாசத்துக்குள்ள மாத்துங்க. அடைச்ச ஃபில்டரால உள்ள சூடு ஏறி, சேஃப்டி சுவிட்ச் நிறுத்திடும். மெக்கானிக் வந்து ஃபில்டரை உருவிக் காட்டிட்டு வருகைக் கட்டணம் வாங்கிட்டுப் போவார்.

டிசம்பர் 6

அக்டோபர் 19ல கான்ட்ராக்ட் வேண்டாம்னு ஒரே போடா போட்டேன். ஒரு தங்கச்சி தனியா எழுதியிருந்தாங்க. தனியா ரெண்டு பிள்ளைங்களை வளர்க்கிறாங்க, மாசக் கடைசியில கையில எதுவும் மிஞ்சறதில்ல, "நீங்க சொல்ற முதல் குவியலே எனக்கு ஒரு வருஷம் ஆகும்க்கா, அதுவரைக்கும்?"னு கேட்டாங்க. படிச்சதும் என் பதில் எவ்வளவு அவசரமானதுன்னு உறைச்சுது. சேமிப்பு இருக்கிறவங்க நிலையிலேருந்து பேசியிருக்கேன்.

குவியல் நிரம்பற வரைக்கும் கான்ட்ராக்ட் பாலம் மாதிரி உதவும். ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ. விதிவிலக்குப் பக்கத்தைப் படிச்சுட்டு, குளிர் தொடங்கறதுக்கு முன்னாடியே சேருங்க, சேர்ந்த உடனே கூப்பிட முடியாததா இருக்கலாம். ரெண்டாவது குவியல் நிரம்பின மாசம் நிறுத்திடுங்க. தானா புதுப்பிக்கிற ஏற்பாடு இருந்தா அந்தத் தேதியை நோட்டுல எழுதிக்குங்க. வாடகை வீடுன்னா, ஹீட்டிங் பழுது பெரும்பாலும் வீட்டுக்காரர் பொறுப்பு, ஒப்பந்தத்தைப் பாருங்க. பாய்லருக்கு நீங்க சேமிக்க வேண்டியதில்ல, காத்திருப்புப் பணம் மட்டும் வேணும்.

டிசம்பர் 20

ஊருக்குப் போறவங்க கவனத்துக்கு. ஆள் இல்லைன்னு ஹீட்டிங்கை முழுசா அணைச்சுட்டுப் போகாதீங்க. தண்ணி உறைஞ்சா 9 சதவீதம் விரியும், குழாய் தாங்காது. பாய்லர் பழுதைவிட அந்தச் செலவு பெருசு. குறைஞ்ச சூட்டுல ஓடவிட்டு, வீட்டுக்கு வர்ற தண்ணி வால்வை மூடிட்டுப் போங்க. பாய்லர்லேருந்து வெளிய போற கண்டென்சேட் குழாய் (புகை ஆறி வடியற தண்ணி போற குழாய்) சுவருக்கு வெளிய மெலிசா ஓடுதுன்னா அதுக்கும் உறை போடுங்க. உள்ள ஐஸ் அடைச்சா பாய்லர் களகளன்னு சத்தம் போட்டு நின்னுடும். வெதுவெதுப்பான தண்ணியை வெளிப்பக்கம் ஊத்தினாலே சரியாகும், கொதிக்கிற தண்ணி கூடாது. இது தெரியாம அவசரக் கட்டணம் கொடுத்தவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

ஜனவரி 11

முதல்ல கேள்வி கேட்டவர் எழுதியிருக்கார்: செவ்வாய் ராத்திரி நின்னுடுச்சு, ஃபேன் போயிருக்கு, பார்ட் வெள்ளிக்கிழமைதான் வரும், ஆனா காத்திருப்புப் பணம் நவம்பர்லயே நிரம்பிடுச்சு, ரெண்டு ஹீட்டர் ஓடுது, எல்லாரும் ஒரே ரூம்ல படுத்திருக்காங்க. வந்த மெக்கானிக் புதுசு மாத்தலாமேன்னு கேட்டாராம், இவர் வெள்ளிக்கிழமை பார்க்கலாம்னு சொல்லி அனுப்பிட்டாராம்.

படிச்சதும் கண் கலங்கிடுச்சு. சமையலறை மேடை ஞாபகம் வந்துச்சு.

வெள்ளி வரைக்கும் செய்ய வேண்டியது: வெளிச்சுவரை ஒட்டி இருக்கிற சிங்க் அலமாரிக் கதவைத் திறந்தே வைங்க, ரூம் சூடு குழாய்க்குப் படட்டும். ராத்திரி அந்தக் குழாயை மெலிசா சொட்டவிடுங்க. ஃபேன் மாத்த வர்றவர் கேஸ் வேலைக்கு உரிமம் இருக்கிறவர்தானான்னு பார்த்துக்குங்க. ஃபேன் மாத்தின அப்புறம் பழசைக் கேட்டு வாங்கிப் பாருங்க. பில்லுல பார்ட் நம்பரும், பார்ட்டுக்கு எத்தனை மாசம் வாரண்டி, கூலிக்கும் உண்டாங்கிறதும் தனித்தனியா எழுதச் சொல்லுங்க. அவர் கிளம்பறதுக்கு முன்னாடி பிரஷர் முள்ளையும் ஒரு தடவை பார்த்துடுங்க.